வங்கி மேசையில் ஒரு முட்டை

ஒரு காட்டில் மரம் இருந்தது. மரத்தில் பொந்து இருந்தது. பொந்துக்கு விலை இருந்தது. விலை இருந்ததால் வங்கியும் இருந்தது. இவ்வளவு வசதியும் உள்ள அந்தக் காட்டுக்கு ஒரு மரங்கொத்தித் தம்பதி பிழைக்க வந்தார்கள். மனைவி பெயர் பவளம். கணவன் பெயர் பொன்னுரங்கம். முதுகு பொன்னிறமாக இருந்ததால் அவன் அம்மா வைத்த பெயர் அது. மற்றபடி பொன் என்று எதுவும் அவனிடம் கிடையாது.

காட்டின் பெயர் வடகரை. இவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள தென்கரைக் காட்டைச் சேர்ந்தவர்கள். தென்கரையில் பஞ்சமோ பட்டினியோ ஒன்றும் இல்லை. அங்கே அவரவர் பொந்தை அவரவரே கொத்திக்கொள்வார்கள். அதனால் கொத்து வேலைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத ஊரில் ஒருவன் எப்படி முன்னுக்கு வருவது? வடகரைக்குப் போய்விட்டு லீவில் வருகிறவர்கள் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நடக்கும் நடையைப் பார்த்தான் பொன்னுரங்கம். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிவிட்டான்.

வந்ததும் வேலை கிடைத்தது. ஒரு யானை நடத்திய கட்டுமான நிறுவனத்தில் பொந்து கொத்தும் வேலை. காலையிலிருந்து மாலைவரை கொத்தினான். கிளிக்குக் கொத்தினான், மைனாவுக்குக் கொத்தினான், அணிலுக்குக் கூடக் கொத்தினான். ஆனால் வடகரைச் சட்டம் கறாரானது. வெளிக்காட்டுப் பிராணி அடுத்தவருக்காக எத்தனை மரத்தை வேண்டுமானாலும் கொத்தலாம். தனக்காக ஒரு கொத்து கொத்தினாலும் குற்றம். சொந்தப் பொந்து வேண்டுமென்றால் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மரங்கொத்தி, ஒரு மொட்டைப் பனையில் ஆந்தையிடம் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்கார ஆந்தையம்மாள் குடிவரும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டாள். பகலில் அவள் தூங்குவதால் டொக் டொக் சத்தம் வரக்கூடாது. முட்டை, குஞ்சு என்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

"எனக்குப் பிள்ளைங்கன்னா உசுரு," என்றாள் ஆந்தையம்மாள். "ஆனா சுவரு அழுக்காயிரும் பாருங்க."

முதல் நிபந்தனையைப் பவளம் எப்படியோ சமாளித்தாள். இரண்டாவதுதான் இப்போது வயிற்றுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

தென்கரை மரங்கொத்திகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து பொந்து கொத்தி முடித்து, உள்ளே மரத்தூள் பரப்பி, அதற்குப் பிறகுதான் முட்டை. அந்த வரிசை மாறவே கூடாது. மாறிவிட்டால் அந்தப் பெண்ணை 'வீடில்லாமல் வைத்தவள்' என்பார்கள். கல்யாண வீட்டில் அவளுக்குப் பக்கத்துக் கிளையில் யாரும் உட்கார மாட்டார்கள். பவளத்தின் பெரியம்மா ஒருத்தி அப்படிப் பெயர் வாங்கியவள். அவள் செத்துப்போன பிறகும் ஊர் அவளை அப்படித்தான் சொன்னது. பவளத்துக்குப் பாம்பைக் கண்டால் கூட அவ்வளவு பயமில்லை. அந்தப் பெயருக்குத்தான் பயம்.

"என்னங்க, அந்த வேங்கை மரத்துப் பொந்து இன்னும் விக்கலையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

வேங்கை மரத்துப் பொந்தைக் கொத்தியதே பொன்னுரங்கம்தான். கிழக்குப் பார்த்தது. மழைச்சாரல் அடிக்காது. உள்ளே வழுவழுவென்று இருக்கும். யாருக்கென்று தெரியாமலே அதை மட்டும் கொஞ்சம் ஆசையாகக் கொத்தியிருந்தான். அந்தப் பொந்துக்கு யானை சொன்ன விலையைக் கேட்டால் கொத்தியவனுக்கே அலகு வலிக்கும்.

"கடன் போட்டுத்தான் வாங்கணும் பவளம்," என்றான்.

"போடுங்க."

வடகரை வனவளர்ச்சி வங்கி ஓர் ஆலமரத்தின் வேர்களுக்குள் இருந்தது. மேலாளர் ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்பதால் வசூல் பிரிவில் எடுக்கப்பட்டு, படிப்படியாக மேலே வந்தவர். நல்ல மாதிரி. சிரித்த முகம். பேசும்போது மட்டும் நாக்கு இரண்டாகப் பிரிந்து வெளியே வந்து, எதிரில் இருப்பவரை மோப்பம் பார்த்துவிட்டு உள்ளே போகும். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: 'இங்கு வாடிக்கையாளர்களைச் சாப்பிடுவதில்லை.'

பவளம் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து மேலாளர் விளக்கம் சொன்னார். "எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல வாடிக்கையாளர் எண்ணிக்கை கொஞ்சம் குறைஞ்சுபோச்சும்மா. தலைமை அலுவலகத்துல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. இப்பல்லாம் விண்ணப்பத்தைக் கையில வாங்கிட்டா அவ்வளவுதான், அவங்க வாடிக்கையாளர். எவ்வளவு பசிச்சாலும் தொடமாட்டோம்."

பொன்னுரங்கம் விண்ணப்பத்தை அவசரமாக அவர் கையில் கொடுத்தான். வங்கியில் எல்லாமே இலையில்தான். விண்ணப்பம் தேக்கிலை. அதை மேலாளர் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"முன்பணம் என்ன வச்சிருக்கீங்க?"

"ஒரு புத்து நிறையக் கரையான் சேத்து வச்சிருக்கோம் சார்."

மேலாளர் சுற்றிலும் அடுக்கியிருந்த இலைக் கட்டுகளைக் கவலையோடு பார்த்தார். "கரையானா வேண்டாம். வெளிய மாத்தி எறும்பாக் கொண்டுவாங்க. சரி, இதுக்கு முன்னாடி எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போலப் பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்க பரம்பரையிலயே கிடையாது சார். ஒரு எறும்பு கைமாத்து வாங்குனதில்ல."

மேலாளரின் முகம் வாடிவிட்டது. "அடடா. ஒருத்தர் கூட உங்களை நம்பிக் கடன் குடுத்ததில்லையா?"

"நாங்க கேட்டதில்ல சார்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார் மேலாளர். துக்கம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். "இப்ப உங்களுக்கு முன்னால வந்துட்டுப் போனாரே நரி, அவரு காடு பூராக் கடன். எல்லாரும் அவரைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அப்படிப்பட்டவரை நாங்க கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். உங்களைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? முதல்ல சின்னதா ஒரு கடன் வாங்கித் திருப்பிக் கட்டுங்க. நீங்களும் கடன்காரர்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

பொன்னுரங்கம் வங்கியிலேயே ஒரு கூடை எறும்பு வட்டிக்கு வாங்கினான். தின்னவில்லை. பனை மரத்தடியில் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, வட்டிக்கு வேறு எறும்பு பிடித்துச் சேர்த்துக் கொண்டுபோய்க் கட்டினான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எறும்புகளுக்குக் கூடப் புரியவில்லை. ஆனால் அன்றோடு அவன் கௌரவமான கடன்காரன் ஆனான்.

"ரொம்ப நல்லது," என்றார் மேலாளர். "இனி ஒண்ணே ஒண்ணுதான். உங்க குடியுரிமை இலையைக் காட்டுங்க."

அதைத்தான் அவர்கள் வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

குடியேற்ற அலுவலகம் ஒரு பாறை இடுக்கில் இருந்தது. அதிகாரி ஒரு தேவாங்கு. தேவாங்கு பகலில் தூங்குகிற பிராணி. அலுவலக நேரமோ பகல். யாரை எந்த வேலையில் வைக்க வேண்டும் என்பது வடகரைக் காட்டுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பொன்னுரங்கம் இருமினான். சிறகை அடித்தான். கடைசியில் மேசையில் மெதுவாக ஒரு கொத்து கொத்தினான். தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தார். அந்த ஒரு கண்ணே ஒரு வாய்க்கு நிறைகிற பழம் அளவுக்கு இருந்தது.

"விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு," என்றார். யார், என்ன என்று கேட்கவில்லை.

"ஐயா, எதுனால நிக்குதுன்னு சொன்னா நாங்க..."

தேவாங்கு ஓர் இலையை எடுத்துப் பார்த்தார். எடுத்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. "நிரந்தர முகவரி இல்லை. வாடகைப் பொந்து எப்படி நிரந்தரம் ஆகும்? சொந்தப் பொந்து வேணும்."

"சொந்தப் பொந்துக்குக் கடன் வேணும் ஐயா," என்றாள் பவளம். "கடனுக்குக் குடியுரிமை வேணுமாம். குடியுரிமைக்குப் பொந்து வேணுங்கிறீங்க."

"சரியாச் சொன்னே," என்றார் தேவாங்கு. இத்தனை வருஷத்தில் ஒருத்தி விதியை ஒரே தடவையில் புரிந்துகொண்டதில் அவருக்குச் சந்தோஷம். இன்னொரு கண்ணையும் திறந்தார். "நிறையப் பேருக்கு இது விளங்குறதே இல்ல."

"இந்தக் காட்டுல பிறந்தவங்களுக்கு மட்டும் எப்படி ஐயா?"

"அது சுலபம். எல்லைக்குள்ள விழுந்தது எதுவா இருந்தாலும் வடகரையைச் சேர்ந்தது. மழைத்துளி விழுந்தாக் கூட அது வடகரைத் தண்ணிதான். நீங்க விழல. பறந்து வந்தீங்க." சொல்லிவிட்டு, ஒரு பூவரச இலையில் முத்திரை குத்திக் கொடுத்தார். "விண்ணப்பம் நிலுவையில இருக்குங்கிறதுக்கு அத்தாட்சி. வாடுறவரைக்கும் செல்லும். வாடினதும் வந்து வேற வாங்கிக்கங்க."

அதற்குள் முதல் கண் மூடியிருந்தது.

இலை வாடுவதற்குள் வங்கிக்குப் பறந்தார்கள். அங்கே வரிசை. மேலாளரிடம் போய்ச் சேரும்போது இலையின் ஓரம் சுருண்டிருந்தது. திரும்பப் பாறை இடுக்குக்குப் போனார்கள். மறுபடி ஒரு புது இலை, மறுபடி ஒரு வரிசை. பூவரச மரம் ஒன்று இவர்களாலேயே பாதி மொட்டையானது.

ஒருநாள் பவளம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "சார், குடுக்கமுடியாதுன்னா குடுக்கமுடியாதுன்னு சொல்லிருங்க. எங்க விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணிருங்க."

மேலாளர் பலகையைக் காட்டினார். "தள்ளுபடி பண்ணிட்டா நீங்க வாடிக்கையாளர் இல்லம்மா," என்றார் மெதுவாக. நாக்கு வெளியே வந்து பவளத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டுப் போனது. "உங்க நல்லதுக்குத்தான் நிலுவையில வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு பவளம் அந்த மாதிரிக் கேள்விகள் கேட்பதில்லை.

வீட்டில் ஆந்தையம்மாள் வேறு உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். "என்னம்மா, உடம்பு பூசினாப்புல இருக்கு?"

"எறும்பு கொஞ்சம் கூடப் போயிருச்சுக்கா," என்றாள் பவளம். சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதாள். வேங்கை மரத்துப் பொந்து காலியாகத்தான் இருந்தது. அவள் புருஷன் கொத்தியது. அவனே கூட்டிச் சுத்தம் செய்தது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனான். அவள் கேட்டது வேறொன்றும் இல்லை, முட்டை வைக்க ஒரு கைப்பிடி மரத்தூள். அதற்குக் கூடவா ஓர் அலுவலகம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஊருக்கே போயிரலாமாங்க? ஒரு மரத்தைப் பார்த்துக் கொத்துனா முடிஞ்சுபோச்சு."

"வெறுங்கையோட போனா ஊரு சிரிக்கும் பவளம்," என்றான் பொன்னுரங்கம். "இன்னும் ஒரே ஒரு இலைதான்."

ஒரே ஒரு இலை என்று அவன் சொல்வது அது எத்தனையாவது தடவை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த தடவை வங்கிக்குப் போனபோது இலை பச்சையாக இருந்தது. வரிசையும் அவ்வளவு நீளமில்லை. ஆனால் முன்னால் முள்ளம்பன்றி நின்றதால், அதற்குப் பின்னால் எல்லோரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். பவளத்துக்கு ஆலமரத்தடிக்கு வந்தபோதே இடுப்பு வலித்தது. முள்ளம்பன்றி தன் கணக்கில் ஏதோ தகராறு என்று முள்ளைச் சிலிர்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது வலி கூடியது. இவர்கள் முறை வந்தபோது அவளால் நிற்க முடியவில்லை. மேசை விளிம்பில் தொற்றி உட்கார்ந்தாள்.

"இலை வாடல," என்றார் மேலாளர், தடவிப் பார்த்து. "ரொம்ப நல்லது. ஒரு சின்ன சந்தேகம் மட்டும். இந்தப் பரிசீலனைங்கிறது இருக்கே, அது எந்தக் கட்டத்துல..."

அவர் முடிக்கவில்லை. மேசையில், தேக்கிலைக் கட்டுகளுக்கு நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை இருந்தது.

முதலில் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "வீடில்லாமயே வச்சுட்டா பாரு," என்றது ஒரு குரல். அது தென்கரைப் பேச்சு. வேறு எந்தக் காட்டுக்காரருக்கும் அந்த வார்த்தை தெரியாது. பவளத்துக்குச் சிறகெல்லாம் கூசியது. எந்தப் பெயருக்குப் பயந்து இத்தனை நாள் இலையும் கையுமாக அலைந்தாளோ அந்தப் பெயர் வங்கியில், அத்தனை பேர் முன்னிலையில், அவளுக்கு வந்துவிட்டது.

ஆனால் வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. மேலாளரின் நாக்கு வெளியே வந்திருந்தது. இந்தத் தடவை அது உள்ளே போகவில்லை.

"மன்னிக்கணும்," என்றார் மேலாளர், நாக்கை வைத்துக்கொண்டே. "பழக்கம். உங்க ரெண்டு பேரையும் நான் தொட முடியாது. நீங்க வாடிக்கையாளர். முட்டையைப் பத்திச் சுற்றறிக்கையில ஒண்ணும் சொல்லல."

பொன்னுரங்கம் சட்டத்துக்குப் பயந்தவன். உள்ளபடியே இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தான். யோசித்துக்கொண்டே நின்றான்.

பவளம் யோசிக்கவில்லை. முட்டைக்கும் நாக்குக்கும் நடுவில் சிறகை விரித்து நின்றுகொண்டாள். தலைக்கு மேலே பலகை தெரிந்தது.

"சார், ஒரு விண்ணப்பம் வேணும்."

"யாருக்கு?"

"என் பிள்ளைக்கு. வீட்டுக் கடன்."

சொல்லிக்கொண்டே கட்டிலிருந்து ஒரு தேக்கிலையை உருவினாள். கையெழுத்துப் போட மேசையில் வைத்திருந்த கோவைப்பழத்தை ஒரே கொத்தில் உடைத்தாள். சாற்றில் முட்டையை மூக்கால் தள்ளி நனைத்து, இலைமேல் ஓர் உருட்டு உருட்டினாள். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மேலாளர் முட்டைக்காகக் கையை நீட்டிய அதே நேரத்தில் இலையை அந்தக் கையில் வைத்தாள்.

மேலாளர் கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கையில் வாங்கியாயிற்று. நாக்கு மெதுவாக, மனசே இல்லாமல், உள்ளே போனது.

"இது செல்லாதும்மா," என்றார் இலையைத் திருப்பிப் பார்த்து. "விண்ணப்பதாரர் இன்னும் பிறக்கவே இல்லையே. ஓட்டுக்குள்ளதானே இருக்காரு."

"அப்ப உங்க நாக்கு எதுக்கு வெளிய வந்துச்சு சார்? இல்லாத ஒண்ணுக்கா?"

மேலாளர் தன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் நேர்மையானவர். தன் நாக்கே சாட்சி சொன்ன பிறகு மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, பிறந்துட்டார்னே வச்சுக்குவோம். ஆனா வெளிக்காட்டுப் பிள்ளைதானே?"

"எங்க விழுந்துச்சுன்னு நீங்களே பாருங்க."

மேலாளர் தன் மேசையையே சுற்றிவந்து பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது வடகரைக்கு நட்டநடுவில்தான் இருந்தது. எல்லைக்குள் விழுந்தது எதுவானாலும் வடகரையைச் சேர்ந்தது என்பது அவருக்கும் தெரிந்த சட்டம். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். இலையை மறுபடி எடுத்துப் படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"பிறவிக் குடிமகன். எந்த வழக்கும் இல்லை. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. வயசு..." என்று அவர் முட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வாழ்நாள் பூராவும் கட்டலாம்."

"கடன் வாங்கினதே இல்லையே சார், பரவாயில்லையா?" என்று பொன்னுரங்கம் கேட்டான். நேர்மை அவனை விடவில்லை. பவளம் அவனை முறைத்தாள்.

"உங்களுக்குத்தான் அது குறை. உள்ளூர்ப் பிள்ளைக்கு அது அப்பழுக்கில்லாத வரலாறு."

"வருமானம்?" என்றான் பொன்னுரங்கம் மறுபடியும்.

"பெத்தவங்க ரெண்டு பேரும் சம்பாதிப்பீங்கல்ல? உங்க வருமானத்தை நம்பி உங்களுக்குத்தான் குடுக்கமுடியாது. பிள்ளைக்குத் தாராளமாக் குடுக்கலாம்." மேலாளர் எழுந்து நின்று முட்டைக்குக் கைகூப்பினார். "வாழ்த்துகள் சார். கடன் சாங்ஷன். மாசாமாசம் அப்பா அம்மா வந்து கட்டிருவாங்க. ஒரு நிபந்தனை. வீட்டுல உரிமையாளர் குடியிருக்கணும். இவங்க ரெண்டு பேரும் உங்க விருந்தாளி."

வரிசையில் களுக்கென்று சிரித்தது யாரென்று பவளம் தேடினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முள்ளம்பன்றி கூடத் திரும்பி வந்து முட்டையை மரியாதையாக எட்டிப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் வேங்கை மரத்துப் பொந்துக்குக் குடிபோனார்கள். பவளம் மரத்தூள் பரப்பி, முட்டையை நடுவில் வைத்து, மேலே உட்கார்ந்தாள். வரிசை தப்பிப்போனது உண்மைதான். ஆனால் அடிவயிற்றுக்குக் கீழே முட்டையும், முட்டைக்குக் கீழே மரத்தூளும் கதகதப்பாக இருந்தபோது, பெரியம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. அவளைப் பார்த்துத் தானும் விலகி உட்கார்ந்ததை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

குஞ்சு பொரிந்தது. காணியப்பன் என்று பெயர் வைத்தார்கள். காணி உள்ளவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பொன்னுரங்கம் இரண்டு வேளை கொத்திய இடத்தில் மூன்று வேளை கொத்தினான். பவளமும் ஓர் இடத்தில் வேலைக்குப் போனாள். மாதம் பிறந்தால் மேலாளர் வேங்கை மரத்தில் ஊர்ந்து ஏறிவந்து பொந்து வாசலில் தலையை நீட்டுவார்.

"சார் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கார் சார்."

"வளர்ந்துட்டாரே," என்பார் மேலாளர், ஏக்கத்தோடு. தவணை எறும்பை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார்.

குடியேற்ற அலுவலகத்தில் பொன்னுரங்கம் புது முகவரியைக் கொடுத்தான். தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தார். "இது உங்க பையன் வீடு. உங்க வீடு இல்லையே. உள்நாட்டுப் பிள்ளையோட பெற்றோர்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல புதுசா விண்ணப்பிங்க. பிள்ளை வளர்ந்து வந்து கையெழுத்துப் போடணும்." மறுபடியும் ஒரு பூவரச இலை.

காணியப்பன் வளர்ந்தான். அப்பாவின் பொன் முதுகு, அம்மாவின் வாய். பேச்சு மட்டும் சுத்தமான வடகரைப் பள்ளிக்கூடப் பேச்சு. ஒருநாள் பொந்து வாசலில் உட்கார்ந்து ஆற்றுக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தென்கரையில் எந்த மரத்தை வேண்டுமானாலும் கொத்தலாமாமே? உரிமம் கிடையாதாம். கடன் கிடையாதாம். கொத்தினால் அது நம்முடையதாமே?"

"யாரு சொன்னா உனக்கு?"

"எல்லோரும் சொல்கிறார்கள். நான் அங்கே போய்ப் பிழைத்துக்கொள்கிறேன்."

பொன்னுரங்கம் உள்ளேயிருந்து தலையை நீட்டினான். "டேய், உனக்கு இங்க சொந்த வீடு இருக்குடா. அங்க நீ வெளிக்காட்டுக்காரன்டா."

"விண்ணப்பித்துக்கொண்டால் போகிறது," என்றான் காணியப்பன்.

பவளம் அவன் முதுகுச் சிறகை ஒருமுறை கோதிவிட்டாள். அவனுக்காக வாங்கிய வீட்டின் வாசலிலிருந்து அவன் பறந்து, சின்னப் புள்ளியாகி, ஆற்றைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த திசைக்குத்தான் போனான். அழக்கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. பெற்றோர் பிரிவுக்கான கையெழுத்தை அவன் போடாமல் போய்விட்டான் என்பது பொன்னுரங்கத்துக்குச் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது.

விஷயம் வங்கிக்கு உடனே போய்விட்டது. மேலாளர் மாதம் பிறப்பதற்கு முன்பே மரம் ஏறி வந்தார். வாசலில் தலையை நீட்டி, வருத்தத்தோடு தொண்டையைச் செருமினார்.

"உரிமையாளர் வெளிக்காட்டுக்குப் போயிட்டார்னு கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் இல்லாத வீட்டுல விருந்தாளி எப்படிம்மா இருக்க முடியும்? வீட்டை வங்கி எடுத்துக்கவேண்டி வரும். சட்டம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பொன்னுரங்கம் பூவரச இலையை எடுத்து நீட்டினான். அது சருகாகியிருந்தது.

பவளம் அவனை விலக்கிவிட்டு வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு எறும்பு வாசம் குமட்டியது. மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாக்கு தானாக வெளியே வந்து, காற்றைத் தடவி, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மரியாதையாக உள்ளே போனது.

"எப்ப?" என்றார் தாழ்ந்த குரலில்.

"நாளைக்கு வங்கிக்கு வர்றேன் சார்."

"கொஞ்சம் வெள்ளனவே வந்துருங்கம்மா. இப்பல்லாம் கூட்டம் ஜாஸ்தி."

அவர் சொன்னது மெய்தான். மறுநாள் ஆலமரத்தடியில் வரிசை ஆற்றங்கரைவரை நின்றது. மேற்குக் காட்டு மைனா, மலைக்காட்டுக் கிளி, எங்கிருந்தோ வந்த கொக்கு. அத்தனையும் வெளிக்காட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் வங்கிச் செலவில் இலவம்பஞ்சு பரப்பியிருந்தார்கள். பலகையில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தது: 'முட்டைகளும் வாடிக்கையாளர்களே. விளிம்பில் வைக்க வேண்டாம்.'

பவளத்துக்கு முன்னால் ஓர் இளம் மரங்கொத்தி நின்றாள். தென்கரைக்காரி. தலையை நிமிர்த்தவே இல்லை.

"அக்கா," என்றாள் மெதுவாக. "வீடில்லாம வைக்கிறது தப்பில்லையா?"

பவளம் அவளைப் பார்த்தாள். கொண்டை கூட இன்னும் சரியாகச் சிவக்கவில்லை.

"வைக்கிறது தப்பில்லம்மா. வைக்கிற இடம்தான் முக்கியம்," என்றாள். "கொஞ்சம் மேசைப் பக்கமா நகர்ந்து நில்லு."

நீதி: வீட்டுக் கடன் வேண்டுவோர், கூடுமானவரை, பிறப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.